கோல்டேயின் குரலைக் கேட்டு வாங்குங்கள்

மேடையும் இசையும்: வாசகர் கேள்விகளுக்கு ரீச்சரின் பதில்கள்

கேள்வி: ரீச்சர், என் அப்பா எழுபதுகளில் கொழும்பில் வேலை பார்த்தபோது 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். இப்போது கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. தொலைக்காட்சியை விட்டுவிட்டார், பாட்டுத்தான் துணை. அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் தம்பி, அந்த நாடகத்தின் இறுவட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னான். பிறகு பார்த்தால் ஒரே நாடகத்துக்கு ஐந்தாறு ஒலிப்பதிவுகள் இருப்பதாக ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறான். எதை எடுப்பது? அப்பாவின் நினைவில் இருப்பது அந்தப் படத்தில் பாடி நடித்த டோபோலின் குரல்.
– கொக்குவில் வாசகி

பதில்: மகள், 1964ஆம் ஆண்டு நியூயோர்க் குழு பாடிய ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கதைநாயகன் தெவ்யேயாக ஸீரோ மொஸ்டெல், அவன் மனைவி கோல்டேயாக மரியா கர்னிலோவா. தம்பியின் பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இது ஒன்றே போதும்.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1905ஆம் ஆண்டளவில், ரஷ்யப் பேரரசில், அனடெவ்கா என்றொரு யூதக் கிராமம். தெவ்யே பால்காரன், ஐந்து பெண்பிள்ளைகளின் தகப்பன். சீதனம் கொடுக்க வழியில்லை. கல்யாணத் தரகர் யென்டே கொண்டுவந்த சம்பந்தத்தைத் தட்டிவிட்டு மூத்தவள் ஒரு ஏழைத் தையற்காரனைக் கட்டுகிறாள். இரண்டாமவள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட புரட்சிக்காரனைத் தேடிப் போகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்தவனை மணக்கிறாள். கடைசியில், மூன்று நாட்களுக்குள் ஊரைவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஆணை வருகிறது. ஷோலம் அலைக்கெம் 1894 முதல் எழுதிவந்த கதைகளை வைத்து ஜோசப் ஸ்டைன் நாடகமாக்கினார். இசை ஜெரி பொக், பாடல்கள் ஷெல்டன் ஹார்னிக். 1964 செப்டெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் அரங்கேறி 3,242 தடவைகள் நடந்தது. தரகர், சீதனம், பிள்ளைகளின் பிடிவாதம், இடப்பெயர்வு: யாழ்ப்பாணத்தாருக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை.

இந்த ஒலிப்பதிவுகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் தெவ்யேயைத்தான் ஒப்பிடுவார்கள். மொஸ்டெலா, டோபோலா என்று தொடங்கினால் விடியும்வரை பேசலாம். மொஸ்டெலின் குரல் ஒரு வரிக்குள்ளேயே உறுமும், கிசுகிசுக்கும், திடீரென்று மேலே ஏறிக் கீச்சிடும். கடவுளோடு வேலிக்கு மேலால் கதைக்கிற உரிமை அதில் இருக்கும். டோபோலின் குரல் கனமானது, நிதானமானது, அடியில் ஒரு களைப்பு உள்ளது. இருவரும் பெரிய கலைஞர்கள். தெவ்யேயாக யார் பாடினாலும் அந்தப் பாத்திரமே பாதி தூக்கிக் கொடுத்துவிடும். எழுதப்பட்ட விதம் அப்படி. அதனால் நான் தெவ்யேயைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. கோல்டேயைக் கேட்கிறேன், இரண்டாவது மகள் ஹோடலைக் கேட்கிறேன். அந்த இரண்டு பெண்களும் உயிரோடு இருக்கும் ஒலிப்பதிவில்தான் அந்த வீடு உயிரோடு இருக்கும்.

இரண்டாம் பாகத்தில் ஒரு சின்னப் பாட்டு வருகிறது. திருமணமாகி இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, தெவ்யே மனைவியிடம் தன்மீது அன்பு உண்டா என்று கேட்கிறான். பிள்ளைகள் காதல் என்கிறார்களே, நமக்கு அது இருந்ததா என்ற சந்தேகம் அவனுக்கு. அவள் நேரே பதில் சொல்லமாட்டாள். உடுப்புத் தோய்த்தது, சமைத்தது, வீடு கூட்டியது, பிள்ளை பெற்றது, மாட்டில் பால் கறந்தது என்று கணக்குச் சொல்லுவாள். இந்தப் பாட்டை இனிமையாகப் பாடினால் போயிற்று. கர்னிலோவா அடிப்படையில் பாலே நடனக்காரி, பயிற்சி பெற்ற பாடகி அல்ல. குரலில் கரகரப்பு உண்டு. கையில் அகப்பையோடு அடுப்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்கிறவளைப் போலப் பாடுகிறார். கோபம் மெல்ல மெல்லத் தணிந்து, கடைசியில் ஒப்புக்கொள்ளும் இடம் வரும்போது அந்தக் குரல் ஒரு கணம் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சம் வேறெந்தக் கோல்டேயிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வேடத்துக்காக 1965இல், அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருதும் பெற்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். உறவினர் ஒருவர் முன்பு கொடுத்திருந்த இந்த 1964 ஒலிப்பதிவின் கசெற் ஒன்று என்னிடம் இருந்தது. முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மருமகன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்போம். கை தளர்ந்தால் மொஸ்டெல் இழுபடுவார், வேகம் பிடித்தால் மறுபடி நிமிருவார். ஒருநாள் இந்தக் கோல்டே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாமி வேலியோரம் வந்து நின்றார். ஆங்கிலம் தெரியாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த மனுசி புருசனோடு சண்டை பிடிக்கிறாளா, கொஞ்சுகிறாளா?" என்று கேட்டார். மொழி தெரியாத ஒருவருக்கே இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்துவிட்டது. ஒலிப்பதிவின் தரத்துக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

அடுத்தது ஹோடல். புகையிரத நிலையத்தில் தகப்பனிடம் விடைபெற்று, பிறந்த வீட்டை விட்டுத் தொலைதூரம் போவதைப் பாடுகிறாள். 1964இல் அதைப் பாடியவர் ஜூலியா மிகெனெஸ், அப்போது மிக இளம் வயது. பின்னாளில் பெரிய ஒப்பெராப் பாடகியாகி, 1984இல் வெளிவந்த 'கார்மென்' படத்தில் நாயகியாகப் பாடி நடித்தவர் அவரே. இந்தப் பாட்டில் அந்தப் பெருங்குரலைக் காட்டவேயில்லை. தகப்பன் அழுதுவிடக் கூடாது என்று நினைத்து அடக்கிப் பாடும் ஒரு பெண்ணின் குரல் அது. பிள்ளையை வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்த எந்த வீட்டிலும் இதைச் சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது.

இனிப் படத்தின் ஒலிப்பதிவு. அப்பாவின் நினைவில் இருப்பது அது. நோர்மன் ஜூவிசன் இயக்கிய 1971ஆம் ஆண்டுப் படத்தில் டோபோல் பாட, வயலினை ஐசாக் ஸ்டேர்ன் வாசித்தார். இசையைப் படத்துக்காக விரித்து அமைத்த ஜோன் வில்லியம்ஸுக்கு ஒஸ்கார் கிடைத்தது. வயலின் வேண்டுமென்றால் இதற்கு மேல் ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் தலையில் போத்தலை வைத்து ஆடும் ஆட்டத்தின் இசையும் இதில் நீளமாக இருக்கிறது. ஆனால் அது படத்தோடு சேர்த்துக் கேட்பதற்கென்று அமைக்கப்பட்ட இசை. கமெரா வயலையும் குதிரை வண்டியையும் முகங்களையும் காட்டும் நேரமெல்லாம் வாத்தியங்கள் பொறுத்து நிற்கும். பார்க்க முடிகிறவருக்கு அது அழகு. கேட்க மட்டுமே முடிகிறவருக்கு அங்கங்கே வெறும் இடைவெளி. மேடைக் குழுவோ நியூயோர்க்கில் திரை விலகுவதற்கு முன்பே டெட்ரொயிட்டிலும் வாஷிங்டனிலும் கோடை முழுவதும் நடித்துப் பழகியிருந்தது. கடைசி வரிசைக்குக் குரலால் மட்டுமே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழகியவர்கள் அவர்கள். கண் மங்கிய உங்கள் அப்பாவுக்கு அந்தப் பழக்கம்தான் இப்போது உதவும். படத்தில் ஒரு பாட்டை நீக்கியும் விட்டார்கள்: புரட்சிக்காரன் பேர்ச்சிக் ஹோடலிடம் மனம் திறக்கும் பாட்டு. அதைக் கேளாமல் ஹோடலின் பிரிவைக் கேட்டால் பாரம் பாதி குறைந்துவிடும்.

டோபோலின் குரல் வேண்டும் என்று அப்பா கேட்பார், அதில் நியாயம் உண்டு. அவருக்கு இரண்டாவது இறுவட்டாக 1967ஆம் ஆண்டு லண்டன் மேடைக் குழுவின் ஒலிப்பதிவை எடுங்கள். படத்துக்கு நான்கு வருடம் முந்திய டோபோல். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அந்த வயதில் ஐந்து பிள்ளைகளின் தகப்பனாக அத்தனை பாரத்தோடு எப்படிப் பாடினார் என்பது இன்னும் எனக்கு வியப்பு. கோல்டே மிரியம் கார்லின். கூரிய நாக்குள்ள கோல்டே, நன்றாகவே செய்திருக்கிறார். கர்னிலோவாவின் கூச்சம் மட்டும் இல்லை.

பிந்திய மேடையேற்றங்களில் 2004ஆம் ஆண்டு அல்பிரட் மொலினா நடித்தது எனக்கு ஒட்டவில்லை. அருமையான நடிகர், ஆனால் பாட்டுகள் அவர் வாயில் சுருங்கிவிடுகின்றன. ஊர்வதந்தியைப் பாடும் பழைய பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். அதை வைத்துக்கொண்டு அப்பாவைக் குழப்ப வேண்டாம். 2015 டிசெம்பரில் தொடங்கிய மேடையேற்றத்தின் டானி பேர்ஸ்டீன், மனிதத்தன்மை நிறைந்த தெவ்யே. ஒலியும் துல்லியம். புதியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது. 2018இல் நியூயோர்க்கில் ஜோவெல் கிரே இயக்கத்தில் நாடகத்தை முழுவதும் இத்திஷ் மொழியிலேயே மேடையேற்றினார்கள். ஷோலம் அலைக்கெம் கதைகளை எழுதிய மொழி அது. ஸ்டீவன் ஸ்கைபெல் தெவ்யே. கடைசிப் பாட்டுக்காக மட்டுமே இந்த ஒலிப்பதிவை வாங்கலாம். ஊரைவிட்டுப் போகும் சனங்கள் ஊரைப் புகழ்ந்து பாடவில்லை, பெரிதாக என்ன இருந்தது என்று பானை, சட்டி, விளக்குமாறு, தொப்பி என எண்ணிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பாட்டில் யாராவது விம்மினால் அந்த ஒலிப்பதிவை நான் மூடிவிடுவேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன சனத்துக்குள் என் குடும்பமும் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. கயிறு தளர்ந்துவிட்டதா என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். 1964 குழுவும் இத்திஷ் குழுவும் இந்தப் பாட்டை அந்த மனநிலையில் பாடுகின்றன.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டும்போது முழுவதையும் ஒரேயடியாக ஓடவிடாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் நிறுத்தி, யார் யாரிடம் பாடுகிறார் என்று இரண்டு வசனம் சொல்லுங்கள். அம்மா இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல் காஸ்ட்' என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, அது முதல்நாள் மேடையில் நேரடியாகப் பதிந்ததா? கைதட்டல் ஒன்றும் கேட்கவில்லையே?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்லை தம்பி, கலையகத்தில் பதிந்ததுதான். அந்தக் காலத்தில், நாடகம் அரங்கேறிய சில நாட்களுக்குள், காட்சி இல்லாத ஒரு நாளில், அநேகமாக ஞாயிற்றுக்கிழமையில், எல்லோரையும் கூட்டிவந்து ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அமெரிக்க நடிகர் சங்கத்தின் விதிப்படி ஒரு நாள் ஒலிப்பதிவுக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கம்பனிக்குக் கட்டாது. அமெரிக்காவில் இந்த வழக்கம் 1943ஆம் ஆண்டு 'ஒக்லஹோமா' என்ற இசை நாடகத்தின் இசைத்தட்டுகளின் விற்பனைக்குப் பிறகுதான் வேரூன்றியது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு வந்ததும் ஏறக்குறைய முழு நாடகத்தின் பாட்டுகளையும் ஒரே தட்டில் அடக்க முடிந்தது. அப்படியும் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடமளவில்தான் கொள்ளும். வசனத்தையும் ஆட்ட இசையையும் வெட்டினார்கள்.

அவசரத்தில் பதிந்தது என்பதற்காகக் குறைவாக எண்ணாதீர்கள். 'மை ஃபெயார் லேடி' என்ற இசை நாடகம் 1956 மார்ச் 15ஆம் திகதி அரங்கேறியது, 25ஆம் திகதி நியூயோர்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கலையகத்தில் பதிந்தார்கள். ரெக்ஸ் ஹரிசனும் ஜூலி அன்ட்ரூஸும் பாடினார்கள். அப்போது ஸ்டீரியோ பரவவில்லை, ஒற்றைத்தட ஒலிதான். அதே இருவரும் லண்டன் மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோது, 1959இல் ஸ்டீரியோவில் மறுபடி பாடினார்கள். வாத்தியங்கள் இரண்டாவதில் அழகாக விரிகின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான தடவைகள் அதே சொற்களைச் சொல்லிச் சொல்லி இருவரும் எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அறிந்துவிட்டார்கள். அது குரலில் தெரிகிறது. முதல் ஒலிப்பதிவில் நாயகி எலைசாவுக்கு, தான் பாடுவது சரியாக வருகிறது என்று கண்டுபிடிக்கும் சந்தோசம் இருக்கிறது. நான் 1956ஐத்தான் வைத்திருக்கிறேன். அந்த நாடகத்தின் படத்தில் ஓட்ரி ஹெப்பர்ன் வாயசைக்கும் பாட்டுகளில் பெரும்பகுதி மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரல் என்பதையும் அறிந்துகொண்டு வாங்குங்கள். நல்ல பாடகி. ஆனால் நடித்தவர் ஒருவர், பாடியவர் வேறொருவர்.

கேள்வி: எங்கள் பாடசாலை ஆங்கில தினத்துக்கு 'ஃபிட்லர்' நாடகத்தின் மூன்று காட்சிகளை மேடையேற்ற எண்ணுகிறோம். மாணவர்களுக்கு எந்த ஒலிப்பதிவைக் கேட்கக் கொடுப்பது?
– ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: தெவ்யேயாக நடிக்கும் பிள்ளைக்கு எதையும் கொடுக்காதீர்கள் தம்பி. மொஸ்டெலைக் கேட்டால் உறுமத் தொடங்குவான், டோபோலைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோளைக் குலுக்குவான். பாட்டுகளை நீங்களே ஹார்மோனியத்தில் சொல்லிக்கொடுங்கள். நடிப்புப் பழகி முடிந்த பிறகு கேட்கட்டும். மற்றப் பிள்ளைகள் பேர்ஸ்டீன் குழுவின் ஒலிப்பதிவைக் கேட்கலாம், உச்சரிப்புத் தெளிவாக இருக்கும். காட்சிகளை மேடையேற்ற மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டும். பாடசாலை அதிபரின் கையொப்பத்தோடு இப்போதே எழுதுங்கள்.

கேள்வி: பிறநாட்டு நாடகங்களுக்கு இவ்வளவு சொல்கிறீர்கள். நமது இசை நாடகங்களையும் இப்படி ஒலிப்பதிவு ஒப்பிட்டுக் கேட்கலாமா?
– காங்கேசன்துறை வாசகர்

பதில்: ஐயா, உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ஊர் அல்லவா! 'அரிச்சந்திர மயான காண்டம்' என்றால் இன்றும் நம் முதியவர்கள் அவர் குரலைத்தான் சொல்வார்கள். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் உச்சத்தில் ஒரு விருத்தத்தை எடுத்தால் ஒலிபெருக்கி தேவையில்லை என்பார்கள்.

அதே அளவுகோலை இங்கேயும் வைத்துப் பாருங்கள். எல்லோரும் அரிச்சந்திரனைக் கேட்கிறோம். சந்திரமதியைக் கேளுங்கள். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைக் கைகளில் ஏந்திச் சுடலைக்கு வருகிறாள். எதிரே நிற்பவன் கணவன் என்று தெரியாது. அவன் எரிக்கக் கூலி கேட்கிறான். ஆண்களே பெண் வேடம் கட்டிய காலத்தில், அந்த இடத்தில் பெண் குரலைப் பாவனை செய்யாமல், தாயின் தவிப்பை மட்டும் பாடினவர்கள் இருந்தார்கள். சந்திரமதி இராக ஆலாபனையில் இறங்கிவிட்டால் பிள்ளை மறந்துபோகும். அவள் வாதாடினால், கெஞ்சினால், நடுவில் மூச்சு முறிந்தால், அந்தக் கசெற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனியக்காரர் அவளுக்கு எங்கே வழிவிடுகிறார் என்பதையும் கவனியுங்கள். நல்லவர் வசனத்தின் நடுவில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒப்பிடுவதற்கு முதலில் ஒலிப்பதிவுகள் மிஞ்ச வேண்டும். கோயில் திருவிழாக்களில் வீட்டுக்காரர்கள் பதிந்துவைத்த கசெற்றுகள் எத்தனையோ அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. இடப்பெயர்வில் போனவை போக மிஞ்சியவையும் வருடாவருடம் அழிகின்றன. உங்களிடம் இருந்தால் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், பழைய நாடா அறுந்துவிடும். நூலகம் நிறுவனம் நமது ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாத்துவருகிறது, ஒலி ஆவணங்களும் அதில் அடங்கும். அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். உறையில் ஊர், கோயில், ஆண்டு, சந்திரமதியாகப் பாடியவர் யார் என்பதை முதியவர்களிடம் கேட்டு இன்றைக்கே எழுதிவையுங்கள். அரிச்சந்திரனின் பெயரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்வி: பழைய இறுவட்டுக் கடையில் 'ஃபிட்லர்' என்று மூன்று கிடந்தன. எல்லா அட்டையிலும் வயலினும் கூரையும்தான். எது எதுவென்று எப்படி அறிவது?
– மானிப்பாய் வாசகி

பதில்: முன்னட்டையைப் பார்க்காதீர்கள். டோபோலின் பெயரை மட்டும் பார்த்தாலும் லண்டன் மேடையா படமா என்று தெரியாது. பின்னட்டையைத் திருப்பிக் கோல்டே யார் என்று வாசியுங்கள். மரியா கர்னிலோவா என்றால் 1964 நியூயோர்க். மிரியம் கார்லின் என்றால் 1967 லண்டன். நோர்மா கிரேன் என்றால் 1971 படம். ரண்டி கிராஃப் என்றால் 2004, ஜெசிக்கா ஹெக்ட் என்றால் பேர்ஸ்டீன் குழு. மூன்றில் ஒன்று கர்னிலோவாவாக இருந்தால் தட்டில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே வாங்கிவிடுங்கள். மற்ற இரண்டையும் அடுத்த மாதம் போய் வாங்கலாம்.